புள்ளியியலும் கணினியும்: முதலாண்டுச் சந்தேகங்களுக்குப் பதில்கள்

முதல் பருவத் தேர்வு நெருங்கும் சமயத்தில் வந்த கேள்விகள் இவை. ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். பதில்களில் வேண்டுமென்றே சின்னச் சின்ன எண்களாக எடுத்திருக்கிறேன், நீங்களே கையால் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காக. பேனாவும் தாளும் பக்கத்தில் இருக்கட்டும்.

மேடம், சராசரிக்கு மொத்த எண்ணிக்கையால் வகுக்கிறோம். திட்ட விலக்கத்துக்கு மட்டும் ஏன் ஒன்றைக் குறைத்து வகுக்கிறோம்? 'டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம்' என்று வகுப்பில் சொன்னார்கள், பிடிபடவில்லை. (உளவியல், முதலாண்டு)

அந்தப் பெயரைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். முழுமைத்தொகுதியில் (நாம் அறிய விரும்பும் மொத்தத் தரவில்) மூன்றே எண்கள் இருப்பதாக எடுத்துக்கொள்வோம்: 1, 2, 3. சராசரி 2. விலகல்கள் -1, 0, 1. அவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 2. அதை மூன்றால் வகுத்தால் 2/3. இதுதான் உண்மையான விலக்க வர்க்கச் சராசரி; இதன் வர்க்கமூலம்தான் திட்ட விலக்கம். எல்லா எண்களும் கையில் இருக்கும்போது ஒன்றைக் குறைக்கும் பேச்சே இல்லை.

இப்போது அந்த மூன்று எண்களும் நமக்குத் தெரியாது. இரண்டு எண்கள் கொண்ட மாதிரி மட்டும் எடுக்கிறோம். ஒன்றை எடுத்துப் பார்த்து, திரும்பப் போட்டுவிட்டு, அடுத்ததை எடுக்கிறோம். ஒன்பது விதமாக வரலாம். (1,1), (2,2), (3,3) ஆகிய மூன்றிலும் விலக்க வர்க்கச் சராசரி 0. (1,2), (2,1), (2,3), (3,2) ஆகிய நான்கிலும், இரண்டால் வகுத்தால், 0.25. (1,3), (3,1) இரண்டிலும் 1. ஒன்பதையும் கூட்டினால் 3, சராசரி 1/3. உண்மையான விடையில் சரிபாதிதான் கிடைக்கிறது! இரண்டால் வகுத்ததற்குப் பதிலாக ஒன்றால் வகுங்கள். ஒவ்வொரு விடையும் இரட்டிப்பாகும், சராசரி 2/3 ஆகிவிடும். அச்சு அசலாக உண்மையான விடை.

காரணம் இதுதான். உண்மையான சராசரி 2 என்பது நமக்குத் தெரியாததால், மாதிரியின் சொந்தச் சராசரியிலிருந்து விலகலை அளக்கிறோம். அந்தச் சராசரி அதே எண்களிலிருந்து பிறந்தது, அவற்றுக்கு நடுவிலேயேதான் உட்காரும். அதனால் விலகல் பெரும்பாலும் கொஞ்சம் சிறியதாகவே தெரியும். (1,1) என்ற மாதிரியைப் பாருங்கள்: விலகலே இல்லை என்கிறது, ஆனால் இரண்டு எண்ணும் உண்மையான சராசரியிலிருந்து ஒன்று தள்ளித்தான் நிற்கின்றன. அந்தக் குறையைத்தான் ஒன்றைக் குறைத்து வகுப்பது ஈடுகட்டுகிறது.

இனி அந்தப் பெயருக்கு வரலாம். விலகல்களின் கூடுதல் எப்போதும் பூஜ்யம். இரண்டு எண்களில் ஒன்றின் விலகல் -0.5 என்றால் மற்றது +0.5 ஆகத்தான் இருக்க முடியும். சுதந்திரமாக இருப்பது ஒன்றுதான். அவ்வளவே.

கணினியில் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: பைத்தான் நிரல் மொழியில் கணக்குப் போட உதவும் இரண்டு தொகுப்புகளில், 'நம்பை' (NumPy), நாம் எதுவும் சொல்லாவிட்டால், முழு எண்ணிக்கையால் வகுக்கும், 'பாண்டாஸ்' (pandas) ஒன்று குறைத்து வகுக்கும். ஒரே தரவுக்கு இரண்டு விடை வந்தால் பதற வேண்டாம்.

சராசரியா, இடைநிலையா? எதை எப்போது எடுப்பது?

2, 3, 3, 4, 38 என்று ஐந்து பேர் காத்திருந்த நிமிடங்கள். சராசரி 10, இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்) 3. ஐந்தில் நான்கு பேர் 'சராசரி'யின் பாதியைக்கூட எட்டவில்லை. ஓர் ஆளின் அனுபவம் எப்படி இருக்கும் என்று சொல்ல இடைநிலை. மொத்தம் எவ்வளவு நேரம் செலவானது என்பது முக்கியமானால் சராசரி. அதை ஐந்தால் பெருக்கினால் மொத்தம் கிடைத்துவிடும், இடைநிலையை வைத்து அது முடியாது. சந்தேகம் இருந்தால் இரண்டையும் எழுதுங்கள்.

என் செயல்திட்டத்தில் பி-மதிப்பு 0.03 வந்தது. அப்படியானால் என் கருதுகோள் சரியாக இருக்க 97 சதவீத வாய்ப்பு என்று எழுதலாம்தானே? (உயிரியல், இரண்டாமாண்டு)

எழுதாதீர்கள். புள்ளியியலில் மிக அதிகமாகத் தவறாகப் படிக்கப்படும் எண் இதுதான். அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-ல் இதைத் தெளிவுபடுத்தத் தனியாக ஓர் அறிக்கையே வெளியிட்டது.

ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டுகிறீர்கள், ஒன்பது முறை தலை. நாணயம் நேர்மையானது என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். பத்துச் சுண்டலில் 1,024 விதமான வரிசைகள் வரலாம். ஒன்பது அல்லது பத்துத் தலை 11 வரிசைகளில், ஒன்பது அல்லது பத்துப் பூ இன்னொரு 11 வரிசைகளில். ஆக 22/1,024, ஏறத்தாழ 0.02. இதுதான் பி-மதிப்பு: நாணயம் நேர்மையானதாக இருந்தால், இவ்வளவு அல்லது இதைவிடக் கோணலான முடிவு வருவதற்கான நிகழ்தகவு. 'நேர்மையானதாக இருந்தால்' என்பது கணக்கின் முதல் வரியிலேயே வந்துவிட்டது. அதை உண்மை என்று வைத்துக்கொண்டு கண்டுபிடித்த எண், அது உண்மையா என்பதற்கான நிகழ்தகவாக எப்படி இருக்க முடியும்?

இன்னொரு பக்கமிருந்தும் பார்க்கலாம். இது கற்பனைக் கணக்கு. ஆயிரம் கருதுகோள்களைச் சோதிக்கிறார்கள்; அவற்றில் 100-ல் மட்டும் உண்மையிலேயே விளைவு இருக்கிறது. சோதனைகள் அந்த நூறில் 80-ஐப் பிடிக்கின்றன. விளைவே இல்லாத 900-ல், பி-மதிப்பு 0.05-க்குக் கீழே வந்தால் 'வெற்றி' என்று எல்லை வைத்தால், 45 தற்செயலாக உள்ளே வந்துவிடும். 'வெற்றி' மொத்தம் 125, அதில் 45 பொய், அதாவது 36 சதவீதம். எல்லை 5 சதவீதமாக இருந்தும் பொய் 36 சதவீதம். எத்தனை கருதுகோள்கள் தொடக்கத்திலேயே நம்பத்தகுந்தவை என்பதைப் பொறுத்து இந்த எண் மாறும், அது பி-மதிப்புக்குள் இல்லவே இல்லை.

உங்கள் அறிக்கையில் இப்படி எழுதுங்கள்: 'விளைவு ஏதும் இல்லை என்று கொண்டால், இந்த அளவோ இதற்கு மேலோ வேறுபாடு தோன்ற நிகழ்தகவு 0.03.' கூடவே வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதையும் எழுதுங்கள். படிப்பவருக்குப் பெரும்பாலும் அதுதான் வேண்டும். 0.05 என்ற எல்லையும் இயற்கை விதி அல்ல. ரொனால்ட் ஃபிஷர் 1925-ல் வெளியிட்ட பாடநூலில் வசதியான எல்லை என்று சொன்னது, அப்படியே நிலைத்துவிட்டது.

பைத்தானில் 0.1-உம் 0.2-உம் கூட்டினால் 0.30000000000000004 வருகிறது. என் கணினியில் கோளாறா அக்கா?

கோளாறே இல்லை தம்பி, எல்லாக் கணினியிலும் இப்படித்தான். பத்தடிமான முறையில் 1/3 என்பதை 0.333 என்று எழுதிக்கொண்டே போகலாம், முடிவே வராது. கணினி பயன்படுத்தும் இருமத்தில் (0, 1 மட்டும் கொண்ட எண்முறையில்) 1/10-க்கு அதே கதி: 0.000110011001100 என்று முடிவில்லாமல் ஓடும். கணினி ஏதோ ஓரிடத்தில் நிறுத்தியாக வேண்டும். 0.1 என்று சேமிக்கப்படுவது 0.1-ஐவிடத் துளி அதிகம், 0.2-உம் துளி அதிகம். 0.3 என்று சேமிக்கப்படுவதோ துளி குறைவு. அதனால் இரண்டும் பொருந்தவில்லை. 0.5-உம் 0.25-உம் கூட்டிப் பாருங்கள், சுத்தமாக 0.75 வரும், அரை, கால், அரைக்கால் எல்லாம் இருமத்தில் முடிந்துவிடும் பின்னங்கள்.

ஆகவே தசம எண்களைச் 'சமமா' என்று நேரடியாகக் கேட்காதீர்கள். வித்தியாசம் மிகச் சிறியதா என்று கேளுங்கள். பணக் கணக்கு என்றால் மிகச் சிறிய அலகில் முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள்.

சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, வந்த ஏவுகணையைத் தவறவிட்டது. அதன் கடிகாரம் பத்தில் ஒரு நொடி அலகில் எண்ணியது, அந்த 0.1 இருபத்துநான்கு பிட்டில் வெட்டப்பட்டிருந்தது. நூறு மணி நேரம் தொடர்ந்து ஓடியதில் பிழை சேர்ந்து சேர்ந்து 0.34 நொடி ஆகியிருந்தது. 28 வீரர்கள் இறந்தார்கள். மிதவைப் புள்ளி எண்கள் (கணினி தசம எண்களைச் சேமிக்கும் முறை) பற்றிய பாடத்தை யாராவது தேர்வுக்கு வேண்டாம் என்று ஒதுக்கினால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

பைத்தானில் அ என்று ஒரு லிஸ்ட். ஆ = அ என்று நகல் எடுத்து, ஆ-வில் 4-ஐச் சேர்த்தேன். அ-விலும் 4 வந்து உட்கார்ந்திருக்கிறது!

நீங்கள் நகல் எடுக்கவில்லை. ஒரே வீட்டுக்கு இரண்டாவது பெயர்ப்பலகை மாட்டினீர்கள். தனி லிஸ்ட் வேண்டுமென்றால் காப்பி கட்டளையைப் பயன்படுத்துங்கள். லிஸ்டுக்குள் லிஸ்ட் இருந்தால் அதுவும் போதாது, உள்ளே இருப்பவை அப்போதும் பொதுவாகவே இருக்கும், டீப்காப்பி வேண்டும்.

'தமிழ்' என்ற சொல்லின் நீளம் கேட்டால் பைத்தான் 5 என்கிறது. மூன்று எழுத்துதானே?

நமக்கு மூன்று, யூனிகோடுக்கு (எழுத்துகளுக்குக் குறியெண் தரும் பொது முறைக்கு) ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. உயிர்மெய்யில் மெய்வரிசை எழுத்தும் அதன் மேல் ஏறும் குறியும் தனித்தனிக் குறியெண்களாகச் சேமிக்கப்படுகின்றன. திரையில் எழுத்துருதான் அவற்றை ஒட்டிக் காட்டுகிறது. அந்தக் குறியெண்களைக் கோப்பில் எழுதும் யூடிஎஃப்-8 முறையில் இந்த ஐந்தில் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆகக் கோப்பில் 15 பைட். இன்னொன்றும் செய்து பாருங்கள். இந்தச் சொல்லைத் தலைகீழாகத் திருப்பச் சொல்லுங்கள். முதலில் அநாதையாக ஒரு புள்ளி, பிறகு 'ழி', 'ம', 'த' என்று வரும். ம-வின் மேல் இருந்த இகரக் குறி, வரிசை மாறியதால் ழ-வின் மேல் ஏறிக்கொண்டது. எழுத்து எண்ணும் நிரல், சொல்லைத் திருப்பும் நிரல் எழுதும்போது எழுத்தையும் குறியையும் முதலில் கூட்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். தமிழில் நிரல் செய்ய நினைப்பவர்கள் முதல் வாரமே இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ரிகர்ஷன் மண்டையில் ஏறவே இல்லை. ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைத்தால் எப்போதுதான் முடியும்?

4-இன் காரணீயப் பெருக்கத்தை (4 × 3 × 2 × 1) அந்த ஃபங்ஷனிடம் கேளுங்கள். '4 பெருக்கல், 3-இன் விடை' என்று எழுதிவைத்துக் காத்திருக்கும். 3-ஐக் கேட்டால் '3 பெருக்கல், 2-இன் விடை' என்று காத்திருக்கும். 2-உம் அப்படியே. 1-ஐக் கேட்டால் மட்டும் யாரையும் கேட்காமல் '1' என்று சொல்லிவிடும். இப்போது திரும்புங்கள்: 2, பிறகு 6, பிறகு 24. காத்திருப்பவை எல்லாம் நினைவகத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். கடைசியாக வந்தது முதலில் கழலும். அந்த '1' சொல்லும் வரியை மறந்தால் அடுக்கு வளர்ந்துகொண்டே போகும். பைத்தான் வழக்கமாக 1,000 ஆழத்தில் நிறுத்திப் பிழை காட்டிவிடும். தாளில் இந்த அடுக்கை ஒருமுறை வரைந்து பாருங்கள், அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

இப்போதுள்ள கணினிகள் இவ்வளவு வேகமாக இருக்கும்போது பிக்-ஓ (தரவு பெருகப் பெருகப் படிகள் எவ்வளவு பெருகும் என்ற கணக்கு) எதற்கு?

நொடிக்குப் பத்துக் கோடிப் படிகள் செய்யும் கணினி என்று வைத்துக்கொள்வோம். பத்து லட்சம் பெயர்களை வரிசைப்படுத்த வேண்டும். ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிடும் முறையில் ஒரு லட்சம் கோடிப் படிகள்: இரண்டே முக்கால் மணி நேரம். பாதி பாதியாகப் பிரித்துச் சேர்க்கும் முறையில் சுமார் இரண்டு கோடிப் படிகள்: 0.2 நொடி. கணினியைப் பத்து மடங்கு வேகமாக்கினாலும் முதல் முறை கால் மணிக்கு மேல் இழுக்கும்.

பேராசிரியர் ஓர் அட்டவணை காட்டினார். மொத்தத்தில் ஒரு சிகிச்சை தோற்கிறது, ஆனால் இரண்டு பிரிவிலும் அதே சிகிச்சை ஜெயிக்கிறது. கூட்டலில் தவறு இருக்க வேண்டும் அல்லவா?

தவறே இல்லை. இதற்குச் சிம்ப்சன் முரண் என்று பெயர். 1986-ல் வெளியான ஒரு சிறுநீரகக் கல் ஆய்வின் எண்களைத் தருகிறேன், நீங்களே வகுத்துப் பாருங்கள். அறுவைச் சிகிச்சை: சிறிய கல்லில் 87 பேரில் 81 பேருக்கு வெற்றி (93 சதவீதம்), பெரிய கல்லில் 263-க்கு 192 (73). சிறு துளை வழிச் சிகிச்சை: சிறிய கல்லில் 270-க்கு 234 (87), பெரிய கல்லில் 80-க்கு 55 (69). இரண்டு பிரிவிலும் அறுவைதான் முந்துகிறது. மொத்தமாகக் கூட்டுங்கள்: அறுவை 350-க்கு 273, அதாவது 78 சதவீதம். மற்றது 350-க்கு 289, 83 சதவீதம்.

அறுவைக்கு அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெரிய கல் உள்ளவர்கள் என்பதைக் கவனித்தீர்களா? கடினமான நோயாளிகள் ஒரு பக்கம் குவிந்ததால் அந்தப் பக்கத்தின் மொத்தம் இறங்கிவிட்டது. இங்கே பிரித்துப் பார்ப்பதுதான் சரி, ஏனென்றால் கல்லின் அளவு சிகிச்சைக்கு முன்பே இருந்தது. பிரிக்கும் காரணி சிகிச்சைக்குப் பின் அதனால் உண்டானதாக இருந்தால், உதாரணமாக மருந்து கொடுத்த பிறகு அளந்த இரத்த அழுத்தம், பிரிப்பதே தவறாக முடியலாம். அட்டவணையில் எண்கள் ஒன்றேபோல் இருக்கும். எது முன்னால் நடந்தது, எது பின்னால் என்பதைத் தரவைச் சேகரித்தவரிடம்தான் கேட்க வேண்டும்.