ஷெல்லில் ஒரு சாட்பாட்: நினைவை எங்கே வைப்பது?

வணக்கம்.

டெலிகிராமில் ஒரு சாட்பாட்டை முழுக்க பேஷ் (லினக்ஸின் கட்டளை வரி ஷெல்) ஸ்கிரிப்டிலேயே எழுதி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வலையில் தரவை அனுப்பி வாங்கக் கர்ல், வந்த தரவைப் பிரித்துப் படிக்க ஜேக்யூ, இரண்டும்தான் துணை. ஒரு கட்டளை வந்தால் ஒரு பதில் என்ற அளவில் நன்றாகவே ஓடுகிறது. இப்போது நாலைந்து கேள்விகளாக நீளும் உரையாடல், பொத்தான்கள், நினைவூட்டல் மூன்றையும் சேர்க்கப் பார்க்கிறேன். சிக்கல் அங்கேதான். ஸ்கிரிப்ட் நின்று மறுபடி எழுந்தால் பழைய செய்திகளுக்கும் திரும்பப் பதில் போகிறது. குழுவில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் ஒருவர் சொன்னது மற்றவர் கணக்கில் விழுகிறது. “இதெல்லாம் ஷெல்லுக்கு ஆகாது, பைதானில் திருப்பி எழுது” என்கிறார்கள் நண்பர்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமா?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். நீங்கள் சொன்ன இரண்டு கோளாறுகளும் நினைவைத் தவறான இடத்தில் வைத்ததால் வருபவை. பைதானில் எழுதி எல்லாவற்றையும் நிரல் ஓடும்வரை மட்டுமே நிற்கும் மாறிகளில் வைத்திருந்தாலும் இதே இரண்டும் வந்திருக்கும். ஷெல்லில் இது சீக்கிரம் வெளியே தெரிந்துவிடுகிறது. ஜேக்யூவின் வெளியீட்டைப் பைப் போட்டு, வரி வரியாகத் திரும்ப ஓடும் ஓர் ஒயில் லூப்புக்குள் அனுப்பிப் பாருங்கள். பேஷில் அந்த லூப் தனி சப்ஷெல்லில், அதாவது ஷெல்லின் இன்னொரு நகலில் ஓடும். உள்ளே மாற்றிய மாறி, வெளியே வந்ததும் பழைய மதிப்போடு நிற்கும். பலருக்கு இது எரிச்சல். எனக்கு இது நல்ல எச்சரிக்கையாகப் படுகிறது. சாட்பாட் ஞாபகம் வைத்திருக்க வேண்டிய எதுவும் நிரலுக்குள் இருக்கக் கூடாது, எல்லாம் டிஸ்கில் கோப்பாக இருக்க வேண்டும். மேம்பட்ட வசதிகள் என்று நீங்கள் கேட்பவை முக்கால்வாசி இந்த ஒன்றிலேயே அடங்கிவிடும்.

முதலில் பழைய செய்திகள் திரும்ப வரும் விஷயம். டெலிகிராம் ஒவ்வொரு செய்திக்கும் ஓர் அப்டேட் எண் தருகிறது. அடுத்த முறை கேட்கும்போது, கடைசி எண்ணோடு ஒன்றைக் கூட்டி ஆஃப்செட்டாக அனுப்பினால்தான் அதற்கு முந்தியவை கிடைத்துவிட்டன என்று சர்வர் எடுத்துக்கொள்ளும். அனுப்பாவிட்டால் 24 மணி நேரம் வரை வைத்திருந்து திரும்பத் திரும்பக் கொடுக்கும். உங்கள் ஆஃப்செட் மாறியில் இருப்பதால் ஸ்கிரிப்ட் சாகும்போது அதுவும் சாகிறது.

ஆஃப்செட்டைக் கோப்பில் எழுதினால் பாதிதான் தீரும். பதில் அனுப்பிய பிறகு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஸ்கிரிப்டையே கவிழ்த்துவிடும் செய்தி ஒன்று வந்தால்? ஸ்கிரிப்ட் விழும், சேவைகளை மேற்பார்க்கும் சிஸ்டம்டி அதை எழுப்பும், அதே செய்தி மறுபடி வரும், மறுபடி விழும். ஒரே ஒருவர் அனுப்பிய ஒரு வரி மற்ற எல்லோரையும் முடக்கிவிடும். பதில் அனுப்புவதற்கு முன்பே எழுதினால், நடுவில் மின்சாரம் போனால் செய்தி தொலைந்துவிடும்.

ஆகவே வாங்குவதையும் வேலை செய்வதையும் பிரித்துவிடுங்கள். வாங்கும் ஸ்கிரிப்ட் செய்தியைத் தொடவே கூடாது. அப்டேட் எண்ணையே பெயராக வைத்து, முதலில் ஒரு தற்காலிக ஃபோல்டரில் கோப்பை எழுதி, முழுதாக எழுதி முடித்தபின் எம்வி கட்டளையால் ‘புதியவை’ ஃபோல்டருக்கு நகர்த்தட்டும். ஒரே ஃபைல்சிஸ்டத்துக்குள் பெயர் மாற்றுவது ஒரே அடியில் நடந்து முடியும், பாதி எழுதிய கோப்பு யார் கண்ணிலும் படாது. எல்லாக் கோப்புகளும் சேர்ந்த பிறகு ஆஃப்செட்டை எழுதலாம். டேனியல் பெர்ன்ஸ்டீன் தன் கியூமெயில் அஞ்சல் சர்வருக்காக வடிவமைத்த மெயில்டிர் இந்த முறையில்தான் அஞ்சலைச் சேமித்தது, இன்றும் பல அஞ்சல் சர்வர்கள் அப்படித்தான் சேமிக்கின்றன.

வேலை செய்யும் ஸ்கிரிப்ட் தனி. ‘புதியவை’யிலிருந்து ஒரு கோப்பை ‘நடப்பவை’க்கு நகர்த்திவிட்டுத் தொடங்கும், முடிந்ததும் ‘முடிந்தவை’யில் போடும். தான் எழுந்திருக்கும்போது ‘நடப்பவை’யில் ஏதாவது கிடந்தால், போன முறை தன்னைச் சாய்த்தது அதுதான் என்று அதற்குத் தெரியும். அதைப் ‘பழுது’ ஃபோல்டருக்கு ஒதுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். நீங்கள் அப்புறம் நிதானமாகத் திறந்து பார்க்கலாம். முடிந்தவற்றை ஒரு நாளாவது வைத்திருங்கள். அதே எண் மறுபடி வந்தால் வாங்கும் ஸ்கிரிப்ட் அதை விட்டுவிட அது உதவும்.

இனி நீளும் உரையாடல். ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னக் கோப்பு போதும். எந்தப் படியில் நிற்கிறார், இதுவரை என்ன சொன்னார், இவ்வளவுதான் அதில் இருக்கும். செய்தி வந்ததும் படியைப் படித்து, ஒரு கேஸ் கட்டளையால் பிரித்து, பதில் சொல்லி, புதுப் படியை எழுதிவிட்டு ஸ்கிரிப்ட் செத்தாலும் பரவாயில்லை. அரை மணி நேரமாகத் தொடாத கோப்புகளை ஃபைண்ட் கட்டளை அழித்துவிடும். பாதியில் விட்டுப் போனவர் திரும்பி வந்து வேறெதையோ கேட்கும்போது பழைய கேள்விக்கான பதிலாக அதை எடுத்துக்கொள்ளும் தொல்லையும் இதோடு போகும்.

உங்கள் குழுவில் கணக்கு மாறியதற்குக் காரணம், கோப்பின் பெயராகச் சாட் எண்ணை மட்டும் வைத்தது என்றே நினைக்கிறேன். குழுவில் எல்லோருக்கும் சாட் எண் ஒன்றுதான். அனுப்பியவரின் எண்ணையும் சேர்த்துப் பெயர் வையுங்கள். கூடவே இன்னொன்று. டெலிகிராம் குழுக்களின் எண் கழித்தல் குறியில் தொடங்கும். அப்படியே கோப்புப் பெயராக்கினால், ஆர்எம், கேட் போன்ற கோப்புக் கட்டளைகள் எல்லாம் அதைக் கோப்பென்று பார்க்காமல் ஆப்ஷன் என்று நினைத்துக் குழம்பும். பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்துவிட்டால் தீர்ந்தது. தனிச் சாட்டில் சோதித்தவரை எல்லாம் சரியாக இருந்து, குழுவில் போட்டதும் மட்டும் பிழை வருகிறதென்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

பொத்தான்களில் தமிழில் எழுதுபவர்களுக்கென்றே ஒரு முட்டுக்கட்டை உண்டு. பொத்தானை அழுத்தினால் திரும்பி வரும் தரவுக்கு 64 பைட்தான் இடம். யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட், புள்ளிக்கும் துணைக்குறிகளுக்கும் தனித்தனியாக. ‘நினைவூட்டல்’ என்பதை நாம் ஆறு எழுத்தாக எண்ணுகிறோம், உள்ளே 11 குறியீடுகள், 33 பைட். அந்தச் சொல்லை இரண்டு தடவை எழுதினாலே எல்லை தாண்டிவிடும். பொத்தான்மேல் தெரிவது தமிழில் இருக்கட்டும், திரும்பி வருவது ஒரு குட்டி எண்ணாக இருக்கட்டும், அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பது கோப்பில் இருக்கட்டும். இங்கேயும் நினைவு டிஸ்கில்தான். அழுத்தியதைப் பெற்றுக்கொண்டேன் என்று ஆன்சர் கால்பேக் கியூரி என்ற டெலிகிராம் அழைப்பால் உடனே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பயனரின் திரையில் காத்திருப்பு அடையாளம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

நினைவூட்டலுக்குப் பின்னணியில் ஸ்லீப் ஓடவிடுவதைத்தான் எல்லோரும் முதலில் செய்கிறார்கள். சர்வர் ரீஸ்டார்ட் ஆனால் அத்தனையும் போச்சு. நேரத்தை எபாக் நொடிகளாக (1970 ஜனவரி 1 முதல் எண்ணும் நொடிகள்) மாற்றி, அந்த எண்ணில் தொடங்கும் பெயரோடு ஒரு கோப்பு போடுங்கள். வேலை செய்யும் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு சுற்றிலும் நேரம் கடந்த கோப்பு இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

ஆனால் இந்த நினைவூட்டலில்தான் ஷெல்லின் மிக ஆபத்தான இடமும் இருக்கிறது. இதை நிதானமாகப் படியுங்கள். “எத்தனை நிமிடம் கழித்து?” என்று கேட்கிறீர்கள், வந்த பதிலை ஒரு மாறியில் வைத்து 60ஆல் பெருக்குகிறீர்கள். மாறியைச் சுற்றி மேற்கோள்குறி போட்டாயிற்று, எழுத்தைக் கட்டளையாக ஓட்டும் இவால் எங்கும் இல்லை, பத்திரம் என்று தோன்றும். பத்திரமில்லை. பேஷ் கணக்குப் போடும் இடத்தில் மாறிக்குள் இருக்கும் எழுத்துகளையும் ஒரு கணக்காகவே விரித்துப் பார்க்கும். அதில் அர்ரே (மதிப்புகளின் பட்டியல்) ஒன்றின் சதுர அடைப்புக்குள் டாலர்-அடைப்பில் ஒரு கட்டளையை வைத்து யாராவது அனுப்பினால், அந்தக் கட்டளை உங்கள் சர்வரில் ஓடிவிடும். இரட்டைச் சதுர அடைப்புக்குள் எண்களை ஒப்பிடும்போதும் இதே கதைதான். கணக்குக்குப் போகும் முன்பே, வந்தது ஒன்று முதல் நான்கு இலக்கங்கள் மட்டும்தானா என்று ரெகெக்ஸால் (எழுத்துகளின் அமைப்பைப் பொருத்திப் பார்க்கும் முறை) சோதியுங்கள், இல்லையென்றால் மறுபடி கேளுங்கள். பிறகும் 08 என்று அனுப்பினால் பேஷ் அதை எட்டடிமான (ஆக்டல்) எண்ணாக எடுத்துக்கொண்டு பிழை காட்டும், பத்தடிமானம் என்று சொல்லும் 10# முன்னொட்டைச் சேர்க்க வேண்டும்.

2014 செப்டம்பரில் வெளிவந்த ஷெல்ஷாக் ஓட்டையும் இந்தக் குடும்பம்தான். சூழல் மாறியில் வெறும் தரவாக வந்தது கட்டளையாக ஓடியது. அது பேஷின் பிழை, திருத்திவிட்டார்கள். நான் மேலே சொன்னது பேஷின் இயல்பு, அதைத் திருத்த மாட்டார்கள். காவல் உங்கள் பொறுப்பு.

பதிலை ஜேசானாக (டெலிகிராமுக்கு அனுப்பும் தரவு வடிவம்) கட்டும்போதும் பயனரின் சொற்களை நேரடியாக ஒட்டாதீர்கள். ஓர் இரட்டை மேற்கோளோ புது வரியோ வந்தால் உடைந்துவிடும். ஜேக்யூவுக்கு ஆர்க் ஆப்ஷன் வழியாகக் கொடுத்தால் அதுவே பார்த்துக்கொள்ளும். சாட்பாட்டின் ரகசியச் சாவியான டோக்கனைக் கர்லின் கட்டளை வரியில் எழுதினால் அதே கணினியில் உள்ள மற்றவர்கள் பிஎஸ் (ஓடும் நிரல்களைக் காட்டும் கட்டளை) போட்டுப் பார்க்க முடியும், கன்ஃபிக் கோப்பாக உள்ளீட்டில் கொடுங்கள். வேகம் அதிகமாகி 429 என்ற பிழை எண் வந்தால், எத்தனை நொடி பொறுக்க வேண்டும் என்று பதிலிலேயே இருக்கும், அதன்படி நில்லுங்கள்.

பைதானுக்கு எப்போது போகலாம்? பயனரின் சொற்களை டேட்டாபேஸ் கேள்விக்குள் கொண்டுபோக வேண்டிய நாளில். எஸ்கியூலைட் என்ற சிறு டேட்டாபேஸின் கட்டளை வரி நல்ல கருவி. ஆனால் முன்பின் தெரியாதவர்களின் எழுத்தை ஷெல்லிலிருந்து அதற்குள் பத்திரமாகச் செலுத்துவது பெரும்பாடு, அந்த வம்புக்கு நான் போக மாட்டேன். அன்றைக்கும் எல்லாவற்றையும் திருப்பி எழுத வேண்டாம். வேலைகள் ஃபோல்டரில் கோப்புகளாகக் காத்திருப்பதால், எடுத்துச் செய்பவர் எந்த மொழி என்று வாங்கும் ஸ்கிரிப்டுக்குக் கவலையில்லை. டேட்டாபேஸில் தேட வேண்டிய செய்திகளை மட்டும் ஒரு பைதான் நிரல் எடுத்துக்கொள்ளட்டும், மற்றவற்றைப் பழைய பேஷே பார்க்கட்டும். இரண்டும் ஒரே ஃபோல்டரைத் தொடும்போது எஃப்லாக் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் பூட்டு) போட மறக்காதீர்கள்.

ஆஃப்செட்டையும் ஃபோல்டர்களையும் முதலில் முடியுங்கள், பொத்தான்கள் அதற்குப் பிறகு. ‘பழுது’ ஃபோல்டரில் புரியாதது ஏதாவது விழுந்தால், பயனரின் பெயரையும் எண்ணையும் நீக்கிவிட்டு எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.