ஆள் யாரென்று தெரிந்த பிறகும் ஏன் படிக்கிறேன்?

கேள்வி இதுதான்: “கொலைகாரன் யாரென்று தெரிந்துவிட்டால் துப்பறியும் கதையில் என்ன மிச்சம் இருக்கிறது? அதையே புத்தகமாகப் படித்து, பிறகு தொடராகவும் பார்க்க எப்படி மனம் வருகிறது? புதிதாக வருபவர் எதில் தொடங்கலாம்?”

என்னைக் கேட்டால் மிச்சம்தான் அதிகம். இதை எனக்குக் கற்றுத்தந்தது எங்கள் ஊர் வாசிகசாலை. தொண்ணூறுகளின் முற்பாதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் விலை எட்டாத உயரத்தில். இரவுப் படிப்பெல்லாம் ஜாம் போத்தல் விளக்கில்தான். புதுப் புத்தகம் வருவது அபூர்வம் என்பதால், முன்பு எப்போதோ வந்திறங்கிய இந்திய மாத நாவல்கள் கைமாறிக் கைமாறி, அட்டையும் கடைசி ஒற்றைகளும் போன நிலையில் சுற்றிக்கொண்டிருந்தன. கடைசி ஒற்றை தப்பிய புத்தகங்களிலும் ஒரு வில்லங்கம். யாரோ ஒரு புண்ணியவான், பாத்திரம் அறிமுகமாகும் இடத்திலேயே பென்சிலால் கோடு கீறி “இவன்தான் ஆள்” என்று எழுதிவைத்திருப்பான்.

எரிச்சல்தான். ஆனால் வேறு புத்தகம் இல்லையே, அப்படியே படித்தோம். ஆள் தெரிந்துவிட்டால் கண் வேறு இடத்துக்குப் போகிறது. எழுதியவர் அவனை எங்கே ஒளிக்கிறார், எந்த வரியில் நம்மைப் பராக்குக் காட்டுகிறார், எந்தத் தடயத்தை நடு வாசலில் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல நடந்துபோகிறார் என்றெல்லாம் பார்க்கத் தொடங்கிவிடுவோம். ராஜேஷ்குமாரின் பாணி தெரியும்தானே? ஒற்றைப்படை அத்தியாயங்களில் ஒரு கதை ஓடும், இரட்டைப்படையில் சம்பந்தமே இல்லாத இன்னொன்று ஓடும், முடிவில் இரண்டும் சந்திக்கும். இரண்டாவது முறை படிக்கும்போது இணைப்பு எங்கே இருக்கிறது என்று தேடுவதே ஒரு விளையாட்டு. சில நாவல்களில் அது அசத்தலாக இருக்கும், சிலவற்றில் அவசரம் பல்லிளிக்கும். ஆயிரத்துக்கு மேல் எழுதியவரிடம் இரண்டும் இருக்கத்தான் செய்யும். சுஜாதாவின் வக்கீல்கள் கணேஷ், வசந்த் வரும் கதைகளில் எனக்குக் கொலையே மறந்துபோயிருக்கிறது, வசந்தின் வாய்க்கொழுப்பு மறக்கவில்லை.

இந்த ஒளித்து விளையாடும் வேலையில் ஆங்கில எழுத்தாளர் அகதா கிறிஸ்டிக்கு மேல் ஆளில்லை. 1926 இல் வந்த ரோஜர் அக்ராய்ட் கொலை நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். முடிவைச் சொல்லமாட்டேன், அந்தப் பென்சில்காரன் வேலை எனக்கு வேண்டாம். முடித்த கையோடு முதல் பக்கத்துக்குத் திரும்பிப் பாருங்கள், ஏமாற்றப்பட்டோமே என்று சண்டை பிடிக்க ஒரு வரி அகப்படாது. சொன்னதெல்லாம் உண்மை. சொல்லாமல் விட்டதில்தான் வித்தை. அதனால்தான் 2000 இல் டேவிட் சூஷே கிறிஸ்டியின் துப்பறிவாளர் பொய்ரோவாக நடித்து அதே கதை தொலைக்காட்சிக்கு வந்தபோது எனக்குச் சப்பென்று போய்விட்டது. எழுத்தில் ஒன்றைச் சொல்லாமல் விடலாம். கமெரா முன்னால் எல்லாருமே முகத்தோடு வந்து நிற்கவேண்டும்.

தொலைக்காட்சிக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. சந்தேகத்துக்குரிய ஏழு பேரில் ஒருவர் மட்டும் நாலு படத்தில் பார்த்த முகம் என்றால், கதை தொடங்கி பத்து நிமிடத்தில் எங்கள் வீட்டில் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். இவ்வளவு பெரிய நடிகரைத் தேத்தண்ணி ஊற்றிக்கொடுக்கவா கூப்பிட்டிருப்பார்கள்? பெரும்பாலும் தீர்ப்புச் சரியாகத்தான் இருக்கும்.

இந்தத் தொல்லைக்கு அழகான வைத்தியம் கண்டுபிடித்தது கொலம்போ தொடர் (ஊர் இல்லை, ஆள்). பீட்டர் ஃபால்க் நடித்தது. 1971 இல் வாராந்தரமில்லாமல் இடைவெளி விட்டு ஒளிபரப்பாகத் தொடங்கியது. கொலை எப்படி நடந்தது, யார் செய்தது எல்லாவற்றையும் முதலிலேயே காட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் கசங்கிய மழைக்கோட்டோடு துப்பறியும் போலீஸ்காரர் கொலம்போ வருவார். அசட்டுத்தனமாகக் கேள்வி கேட்பார், மனைவியைப் பற்றிக் கதைப்பார், போகிறவர்போல வாசல்வரை போய்த் திரும்பி “இன்னும் ஒரேயொரு விஷயம்” என்பார். அந்த நொடியில் கொலைகாரன் முகத்தைப் பார்க்கவேண்டும்! தஸ்தயேவ்ஸ்கியின் குற்றமும் தண்டனையும் நாவலில் வரும் விசாரணை அதிகாரி பொர்ஃபீரியைப் பார்த்துத்தான் இந்தப் பாத்திரத்தை உருவாக்கினார்கள். எங்கள் வாசிகசாலைப் பென்சில்காரனுக்கு இந்தத் தொடரில் வேலையே இருந்திருக்காது.

சரி, புதிர் ஒரு பக்கம் இருக்கட்டும். தொடர் என்ற வடிவத்துக்கு ஏன் இவ்வளவு பேர் அடிமை? ஆட்களுக்காகத்தான். சூஷேயின் பொய்ரோ 1989 முதல் 2013 வரை 70 பாகங்கள் வந்தது. கவனித்தால், கிறிஸ்டியின் மூலக் கதையில் இல்லாத இடத்திலும் நண்பர் ஹேஸ்டிங்ஸையும் செயலாளர் மிஸ் லெமனையும் போலீஸ் அதிகாரி ஜாப்பையும் கொண்டுவந்து உட்காரவைத்திருப்பார்கள். புத்தகப் பிரியர்கள் இதற்குக் கோபிப்பார்கள், எனக்குக் கோபம் வரவில்லை. அந்த நாலு பேரும் ஒரே அறையில் இருக்கும்போது கொலை நடக்காவிட்டாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

பொய்ரோவை விட எனக்கு நெருக்கம், கிறிஸ்டியின் இன்னொரு துப்பறிவாளரான கிராமத்து மூதாட்டி மிஸ் மார்ப்பிள். காரணம் ஊர்தான். வேலிப் பொட்டுக்குள்ளால் யார் வந்தார், யார் வீட்டு நாய் நேற்று ஏன் குரைக்கவில்லை, எவர் காணி எழுதியபோது எவர் முகம் கறுத்தது என்று எல்லாம் தெரிந்த ஒரு ஆச்சி யாழ்ப்பாணத்து ஒழுங்கை ஒவ்வொன்றிலும் இருப்பார். மார்ப்பிள் அந்த ஆச்சிதான், கையில் பின்னல் ஊசி மட்டும் கூடுதல். லண்டனில் நடந்த கொலையைக் கேட்டால் “எங்கள் ஊர் மீன்கடைப் பையனும் இப்படித்தான்” என்ற தோரணையில் தொடங்குவார். போலீஸ்காரருக்குச் சிரிப்பு வரும். மனிதர் எங்கே போனாலும் ஒரே மாதிரித்தான், அற்பக் களவும் பெருங்கொலையும் ஒரே குணத்தில் முளைப்பவை என்பது அவர் முறை. இதில் ஒரு குரூரமும் இருக்கிறது. யாரையும் அவர் முழுதாக நம்புவதில்லை. ஜோன் ஹிக்ஸன் 1984 முதல் 1992 வரை மார்ப்பிள் நாவல்கள் பன்னிரண்டிலும் நடித்தார். அந்தக் கண்ணில் கனிவும் சந்தேகமும் சேர்ந்தே இருக்கும். அதற்குப் பிறகு வந்த மார்ப்பிள்கள் எவரும் என் மனதில் ஒட்டவில்லை.

படைத்தவர்களுக்கோ சலித்துவிடுகிறது, அது வேறு கதை. கொனன் டொயில் 1893 இலேயே தன் துப்பறிவாளர் ஷெர்லொக் ஹோம்ஸை அருவியில் தள்ளிவிட்டார். வாசகர்கள் விடவில்லை, பத்து வருடத்தில் உயிரோடு கூட்டிவர வேண்டியதாயிற்று. 1975 இல் பொய்ரோவின் கடைசி நாவல் வந்தபோது நியூயோர்க் டைம்ஸ் அவருக்கு முதல் பக்கத்தில் மரண அறிவித்தல் போட்டது. கற்பனை ஆளுக்கு!

ஹோம்ஸிடம் எங்களுக்கு ஒரு தனி உரிமை உண்டு. 1891 இல் வந்த பொஹீமியா கதையின் தொடக்கத்தில், ஹோம்ஸ் திருகோணமலையில் அட்கின்சன் சகோதரர்களின் விநோதத் துயரத்தைத் துலக்கியதாகக் கேள்விப்பட்டேன் என்று, கதை சொல்லும் நண்பர் வாட்சன் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். என்ன நடந்தது, யார் செத்தார், ஒன்றும் கிடையாது. கோணேசர் மலையடியில் ஹோம்ஸ் என்ன செய்திருப்பார் என்று நாங்கள் எத்தனை கதை கட்டியிருப்போம்!

தமிழ்த் தொடர்களில், தொண்ணூறுகளின் பிற்பகுதியில் சன் தொலைக்காட்சியில் வந்த மர்மதேசம் வரிசையின் விடாது கருப்பு இன்றும் எனக்கு முதலிடம். இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கியது. ஊர்த் தெய்வம்தான் குற்றவாளியைத் தண்டிக்கிறதா, அல்லது மனிதக் கையா என்ற கேள்வியை அவ்வளவு நேரம் நீட்டியும் அலுக்கவிடவில்லை. வைரவரும் அண்ணமாரும் காவல் காக்கும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு அது வெறும் மர்மமாகத் தெரியாது. 2022 இல் வந்த சுழல், வதந்தி இரண்டும் நல்ல முயற்சிகள். மயானக்கொள்ளைத் திருவிழாவைச் சுழலில் கதையோடு கோத்த விதம் பிடித்தது. ஆனால் இரண்டிலும் நடுப் பாகங்கள் இழுவை. நாலு பாகத்துக்கான சரக்கை எட்டுக்கு நீட்டும்போது, நிரபராதி ஒருவரை ஒரு பாகம் முழுக்கச் சந்தேகப்பட்டுவிட்டு அடுத்ததில் விட்டுவிடுவார்கள். இரண்டாம் முறை பார்க்கும்போது அந்தப் பாகங்களைத் தாண்டிவிட்டேன், ஒன்றும் குறையவில்லை.

எதில் தொடங்குவது? தமிழில் என்றால் சுஜாதாவின் கொலையுதிர் காலம். யாழ்ப்பாணத்தில் இருந்தால் பூபாலசிங்கம் புத்தகசாலையில் கேட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் பொது நூலகம். வாசிப்பே பழக்கமில்லை என்றால் ஜெரமி பிரெட் நடித்த ஹோம்ஸ் தொடரின் சிறுகதைப் பாகங்களைப் பாருங்கள். பெரும்பாலானவை ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். பிடித்தால் அதே கதையைப் புத்தகத்தில் படியுங்கள். முடிவு தெரிந்த கதையை எப்படிப் படிப்பது என்ற உங்கள் சந்தேகத்துக்கு அங்கேயே விடை வந்துவிடும். பொய்ரோவின் கடைசிக் கதையை மட்டும் முதலில் தொடவேண்டாம். அந்த மனிதரோடு சில வருடம் பழகிய பிறகுதான் அது வலிக்கும்.