பூனைக் காப்பகத்துக்காக அவரவர் இடத்திலிருந்தே நடக்கும் ‘மெய்நிகர் நடை’ செட்டிநாட்டில் எடுபடுமா?

தாராளமாக எடுபடும். ஒன்றாகக் கூடாமல், அவரவர் தெருவில் நடந்து, அந்தத் தூரத்தைச் சொல்லி நன்கொடை திரட்டுவது நம் ஊர்க்காரர்களுக்குப் பிடிபடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிவரை காவடியோடு நடக்கிறவர்கள் நாம். ஒரு காரியத்துக்காக நடப்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பூனைக்காக நடப்பது மட்டும்தான் புதிது.

காரைக்குடியில் பழைய வீடு ஒன்றின் பின்கட்டில் இயங்கும் சிறிய காப்பகத்துக்காக நாங்கள் இதைச் செய்தோம். நடப்பவர்கள் மனிதர்கள், ஊர் சுற்றுவது பூனை. காப்பகத்தில் பூனைகளுக்கெல்லாம் நம் சமையலறைப் பெயர்தான். கறுப்பு நிறத்தது கவுனி, வெள்ளை நிறத்தது பணியாரம், பழுப்பு நிறத்தது கந்தரப்பம். நகரத்தாரின் ஒன்பது குலக் கோவில்களான நகரக் கோவில்களையும் வரைபடத்தில் குறித்து, இலுப்பைக்குடியில் தொடங்கி இளையாத்தங்குடியில் முடியும்படி பாதை போட்டோம். கோலாலம்பூரில் ஒருவர் காலையில் மூன்று கிலோமீட்டர் நடந்து கைப்பேசி காட்டும் கணக்கை அனுப்பினால், அவர் பொறுப்பெடுத்த பூனை நம் வரைபடத்தில் மூன்று கிலோமீட்டர் நகரும். அது வந்து சேர்ந்த ஊரின் படத்தில் பூனையை ஒட்டி, மாலையில் வாட்ஸ்அப் குழுவில் போடுவோம்.

கவுனி பிள்ளையார்பட்டிக்கு வந்த அன்று குழு அமளிதுமளிப்பட்டது. மூஞ்சூறை யாராவது ஒளித்து வையுங்கள் என்று ஆளாளுக்கு எழுதினார்கள். அடுத்து வயிரவன்பட்டி. வயிரவருக்கு வாகனம் நாய் ஆயிற்றே! கவுனியை உள்ளே விடலாமா கூடாதா என்று பெரியவர்கள் இரண்டு கட்சியாகிவிட்டார்கள். என் அப்பத்தா, “அது வாசலிலேயே நிற்கட்டும், அதற்கும் சேர்த்து நான் கும்பிட்டுக்கொள்கிறேன்” என்று தீர்ப்புச் சொன்னார். அவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வளவை, அதாவது வீட்டு நடுமுற்றத்தை, வலம் வருவார். ஒவ்வொரு சுற்றுக்கும் தூணடியில் ஒரு புளியங்கொட்டை வைப்பார். சாயங்காலம் அந்தக் கொட்டைகளை எண்ணித்தான் அவருடைய தூரத்தைச் சேர்த்தோம்.

இந்த விளையாட்டு இல்லாவிட்டால் பணம் ஒரு முறை வரும், அத்தோடு நின்றுவிடும். பூனை எங்கே போயிற்று என்று தினமும் விசாரிக்கிறவர் அடுத்த மாதமும் கொடுக்கிறார்.

எவ்வளவு கேட்பது என்பதில் என் கருத்து உறுதியானது. பெரிய கைகளைத் தேடாதீர்கள். கோவிலுக்குப் புள்ளிவரி வாங்குவதைப் போல வாங்குங்கள். கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி, ஏழை பணக்காரர் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே தொகை. நாங்கள் புள்ளிக்கு நூறு ரூபாய் வைத்தோம். பெரிய தொகை கொடுக்க முன்வந்தவரிடமும், இன்னும் இரண்டு பேரை நடக்க அழைத்து வாருங்கள் என்றுதான் சொன்னோம்.

குறிப்பாக, பூட்டிய வீடுகளின் சொந்தக்காரர்களிடம் கேளுங்கள். நம் பக்கத்துப் பூனைகளின் கதை அங்கேதான் தொடங்குகிறது. ஆள் இல்லாத இரண்டாம் கட்டிலும் விறகுப் புரையிலும் தாய்ப்பூனை நிம்மதியாகக் குட்டி போடுகிறது. கல்யாணத்துக்கோ அறுபது, எண்பது வயதுச் சாந்திக்கோ வீட்டைத் திறந்து ஒட்டடை அடிக்கும்போது, கண் திறக்காத குட்டிகள் அட்டைப்பெட்டியில் காப்பகத்து வாசலுக்கு வந்து சேர்கின்றன. பெண் பூனை நான்கைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வரக்கூடியது. சினைக்காலம் ஏறக்குறைய 65 நாள். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினையாகிவிடும். அதனால் திரண்ட பணத்தில் முதல் பங்கு கருத்தடை அறுவைக்குப் போக வேண்டும், அடுத்தது தடுப்பூசிக்கு. தீனி மூன்றாவதுதான். பூனையென்றால் பால் வாங்கிக் கொடுக்கத் தோன்றும். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பசும்பால் செரிக்காமல் வயிற்றுப்போக்கு வரும். மீனோ கோழியோ வாங்கிக் கொடுங்கள்.

கவுனிக்கு அறுவை முடிந்த மறுநாள் போய்ப் பார்த்தேன். வயிற்றில் முடி மழித்த இடம் வெளிறித் தெரிந்தது. நடுவில் விரல் நீளத்துக்குக்கூட வராத தையல். குளிர்ச்சிக்காக ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பக்கவாட்டில் படுத்து, வாலை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தது. அந்தப் படத்தையும் ரசீதையும் சேர்த்துக் குழுவில் போட்டபோது வந்த பணம், வேறு எந்த நாளிலும் வரவில்லை. தன் நூறு ரூபாய் எந்த வயிற்றுத் தையலாக ஆனது என்று பார்க்கக் கொடுத்தவருக்கு உரிமை இருக்கிறது.

காப்பகத்துப் பூனைகளை மட்டும் தயவுசெய்து வெளியே நடத்திக் கூட்டிவராதீர்கள், சட்டை மாட்டிப் படம் எடுக்காதீர்கள். பழகாத இடமும் கூட்டமும் பூனைக்குப் பெரும் பயம். தூங்குகிற பூனையின் படமே போதும்.

பணம் வாங்குவதில் இரண்டு எச்சரிக்கைகள். வரிக்கழிவு வேண்டுகிறவர் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. பழைய வரிமுறையில் இருப்பவருக்குத்தான் அந்தக் கழிவே உண்டு. இன்னொன்று நமக்கு மிக முக்கியம்: சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை பெற்றுவிட்ட உறவினர் அனுப்பும் பணம், அவர் பிறந்தது கானாடுகாத்தானாகவே இருந்தாலும், அயல்நாட்டு நன்கொடைதான். 2010 ஆம் ஆண்டின் அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவு செய்த, அல்லது முன் அனுமதி பெற்ற அமைப்பு மட்டுமே அதை வாங்கலாம். இந்தியக் கடவுச்சீட்டோடு அங்கே வேலை பார்ப்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. எங்கள் காப்பகத்துக்கு அந்தப் பதிவும் அனுமதியும் கிடையாது. ஆகவே குடியுரிமை மாறியவர்களிடம் பணம் வாங்கவில்லை, தூரம் மட்டும் வாங்கிக்கொண்டோம். அவர்கள் நடக்க நடக்க, காரைக்குடியில் இருக்கும் பங்காளிகள் அந்தத் தூரத்துக்குப் பணம் கட்டினார்கள்.

ஆகஸ்ட் 8 பூனைகளுக்கான சர்வதேச நாள். அன்று தொடங்கினால் அழைப்புக்கு ஒரு காரணம் கிடைக்கும். உங்கள் ஊருக்குத் தனிப் பாதை போடுவதாக இருந்தால் எனக்கு எழுதுங்கள். எங்கள் வரைபடத்தையும் கணக்குத் தாளையும் அனுப்புகிறேன். பணியாரம் இன்னும் எந்தப் பயணமும் போகவில்லை, அதையே நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.