கே.ஒய்.சி. 'ஆன் ஹோல்டு' என நிற்கும்போது

மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 2,000 ரூபாய் எஸ்.ஐ.பி. (தவணை முறை முதலீடு) தொடங்கவிடாமல் உங்கள் கே.ஒய்.சி. (முதலீட்டாளர் அடையாளச் சரிபார்ப்பு) 'ஆன் ஹோல்டு' (நிறுத்திவைப்பு) என நிற்பதற்குச் செயலியை மாற்றுவது தீர்வாகாது, கே.ஆர்.ஏ. (கே.ஒய்.சி. விவரங்களைப் பதிந்து வைக்கும் நிறுவனம்) பதிவேட்டில் உள்ள விவரத்தைத்தான் சரிசெய்ய வேண்டும்.

பான் ஆதாருடன் இணையாதிருப்பதே காரணமாக இருக்கக்கூடும். நம் ஊரில் இனிஷியலால் இது அடிக்கடி நேர்கிறது: ஆதாரில் 'முருகன் கு' என்றும், பானில் 'குமரேசன் முருகன்' என்றும் இருந்தால் இணைப்பு தடைபடலாம்.

1. கே.ஆர்.ஏ. தளத்தில் பான் எண்ணை இட்டு, தடைக்கான காரணத்தைப் படியுங்கள். கைப்பேசி எண்ணோ மின்னஞ்சலோ சரிபார்க்கப்படவில்லை என்றிருந்தால் வேலை எளிது.

2. வருமான வரித் தளத்தில் ஆதார் இணைப்பு நிலையைப் பாருங்கள். பெயர் வேறுபட்டால், ஓர் அட்டையைத் திருத்திய பின்னரே கே.ஒய்.சி.யைப் புதுப்பியுங்கள், இணையத்தில் முடியாவிட்டால் சென்னையிலுள்ள கேம்ஸ் (மியூச்சுவல் ஃபண்டுகளுக்கான பதிவுச் சேவை நிறுவனம்) சேவை மையத்துக்கு நேரில் செல்லலாம்.

முடித்துத் தருவதாகச் சொல்லும் எவரிடமும் ஓ.டி.பி.யை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.