ஒரு வகைத் தோட்டா மட்டும் பிஸ்டலில் சிக்குகிறது என்றால் கோளாறு துப்பாக்கியிலா, தோட்டாவிலா?

கேள்வி: என்னுடையது 9 எம்.எம். செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல். 124 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) உருண்டை முனைத் தோட்டா தடங்கலே இல்லாமல் ஓடுகிறது. 115 கிரெய்ன் மலிவுத் தோட்டாவோ ஹாலோ பாயிண்டோ (முனையில் குழி உள்ள தோட்டா) போட்டால் அடிக்கடி ஜாம் ஆகிறது. துப்பாக்கியை மாற்றுவதா, தோட்டாவை மாற்றுவதா?

பதில்:

இப்போதைக்கு இரண்டையும் மாற்ற வேண்டாம். ஃபீட் ராம்பை (தோட்டாவைத் துப்பாக்கிக் குழலுக்குள் ஏற்றிவிடும் சரிவு) பாலிஷ் போடச் சொல்லி யாராவது நிச்சயம் வருவார்கள். அதையும் செய்ய வேண்டாம், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். முறையான உரிமத்தோடு ரேஞ்சில் சுடுகிறவர் நீங்கள் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆயுதத்தைப் பற்றி எழுதலாமா என்று கேட்பவர்களுக்கு: அரைகுறையாகத் தெரிந்துகொண்டு சிக்கிய துப்பாக்கியை நோண்டுவதுதான் ஆபத்து.

முதலில் ‘ஜாம்’ என்ற சொல்லை விடுங்கள். எங்கே நின்றது என்று பாருங்கள். காலி கேஸ் (சுட்டபின் மிஞ்சும் உலோகக் கூடு) ஸ்லைடு (சுடும்போது பின்னால் போய்த் திரும்பும் மேல்பகுதி) வாயில் செங்குத்தாக மாட்டிக்கொண்டு நிற்கிறதா? அடுத்த தோட்டாவின் மூக்கு ராம்பில் முட்டி நிற்கிறதா? ஸ்லைடு முழுதும் மூடாமல் ஓரிரு மில்லிமீட்டர் பாக்கி இருக்கிறதா? மூன்றும் வேறு வேறு நோய். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் 115-க்கு ஒரு காரணமும் ஹாலோ பாயிண்டுக்கு இன்னொரு காரணமும் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

115 விஷயம் பெரும்பாலும் உந்துவிசைக் குறைவு. குண்டு (தோட்டாவின் முனையிலிருந்து பறந்து போகும் பகுதி) முன்னால் போகும் உதைதான் ஸ்லைடைப் பின்னால் தள்ளுகிறது. அதை எதிர்த்து நிற்பது ரீகாயில் ஸ்பிரிங். கிரெய்னில் எடையையும் நொடிக்கு அடியில் வேகத்தையும் பெருக்கிப் பாருங்கள். 124 கிரெய்ன் 1,150 அடி வேகத்தில் போனால் 1,42,600. 115 கிரெய்ன் 1,100 அடியில் போனால் 1,26,500. முன்னது பின்னதைவிட ஏறக்குறைய 13 சதவீதம் அதிகம். முதல் வகைக்கு ஏற்ற விறைப்பான ஸ்பிரிங் இருக்கும் புதுத் துப்பாக்கியில் இரண்டாவது வகை ஸ்லைடைக் கடைசி வரை கொண்டுபோகாது. கேஸ் எஜெக்டரில் (கேஸை வெளியே தட்டிவிடும் முனை) வேகமாக மோதாததால் வெளியே பறக்காமல் நடுவில் மாட்டும். பல பெட்டிகளில் எடையைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு வேகத்தை மட்டும் போடாமல் விடுகிறார்கள். வாங்குபவனுக்கு உண்மையில் தேவைப்படுவது அந்த ஒரு எண்தான்.

சோதனை எளிது. மேகசினில் (தோட்டாக்களை அடைக்கும் பெட்டி) ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுங்கள். ஸ்லைடு பின்னால் போய்ப் பூட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வகையிலும் ஐந்து முறையாவது செய்யுங்கள். 124-இல் ஐந்துக்கு ஐந்தும் பூட்டி, 115-இல் இரண்டு மூன்று முறை பூட்டாமல் மூடிக்கொண்டால் விடை கிடைத்துவிட்டது. ஆனால் கட்டைவிரல் ஸ்லைடு ஸ்டாப் (ஸ்லைடைப் பின்னால் பிடித்து நிறுத்தும் நெம்பு) மேல் படக்கூடாது; பட்டால் நல்ல தோட்டாவிலும் பூட்டாது. மணிக்கட்டும் உறுதியாக இருக்கட்டும். மணிக்கட்டு தளர்ந்தால் சட்டமும் (கைப்பிடி உள்ள கீழ்ப்பகுதி) ஸ்லைடோடு சேர்ந்து பின்னால் போய்விடும், ஸ்லைடு நகரும் தூரம் குறைந்துவிடும். லேசான பாலிமர் பிஸ்டலில் இது இன்னும் மோசம். இதைச் சொன்னாலே கோபப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். வேறொருவர் அதே துப்பாக்கியில் அதே தோட்டாவைச் சுட்டுப் பார்த்தால் வாதமே தேவையில்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, கவனம். வெடிச்சத்தம் ‘பொத்’ என்று அமுங்கிக் கேட்டு ஸ்லைடும் நகரவில்லை என்றால், அது பலவீனமான தோட்டா என்று நினைத்து ஸ்லைடை இழுத்து அடுத்ததைச் சுடாதீர்கள். குண்டு பேரலுக்குள்ளேயே (குழலுக்குள்ளேயே) நின்றிருக்கலாம். அடுத்த வெடியில் பேரல் பிளக்கலாம். மேகசினை எடுத்து, சேம்பரை (பேரலில் தோட்டா உட்காரும் அறை) காலி செய்து, பேரலைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். ‘கிளிக்’ மட்டும் கேட்டால் முனையை இலக்கின் பக்கமே வைத்து 30 நொடி காத்திருந்துவிட்டு வெளியே எடுங்கள். அப்படி எடுத்த வெடிக்காத தோட்டாவைக் காலி கேஸ் வாளியில் போட்டுவிட்டுப் போகும் ஆட்களை என்ன செய்வதென்றே தெரியவில்லை. கேஸைப் பொறுக்கி உருக்க அனுப்புகிறவனும் மனிதன்தான். அதற்கென்று தனிப் பெட்டி பெரும்பாலான ரேஞ்சில் இருக்கிறது.

உந்துவிசைதான் பிரச்சினை என்று உறுதியானால்: ஸ்லைடு ஓடும் தண்டவாளங்களில் மெல்லிய பூச்சாக எண்ணெய், புதுத் துப்பாக்கி என்றால் 200 ரவுண்டு வலுவான தோட்டா. பல துப்பாக்கிகள் இதிலேயே சரியாகிவிடும். அப்படியும் சிக்குவது நிற்காவிட்டால்தான் லேசான ரீகாயில் ஸ்பிரிங். அதைப் போட்டுவிட்டு வலுவான தோட்டா சுட்டால் ஸ்லைடு சட்டத்தில் அடித்து மோதும், கேஸ்கள் கன்னாபின்னாவென்று தூரமாகப் பறக்கும்.

ஹாலோ பாயிண்டுக்கு வேறு கணக்கு. 9 எம்.எம். தோட்டாவின் மொத்த நீளம் அதிகபட்சம் 29.69 மி.மீ.; ஹாலோ பாயிண்டு பெரும்பாலும் அதைவிடக் குட்டை, வாயும் அகலம். உருண்டை மூக்கு வழுக்கி ஏறும் இடத்தில் இந்த விளிம்பு கீறி நின்றுவிடும். ஆனால் குற்றவாளி பல நேரம் ராம்பு அல்ல, மேகசின். எல்லா மேகசினிலும் மார்க்கரால் எண் போடுங்கள். சிக்கும்போதெல்லாம் எண்ணையும் எத்தனையாவது தோட்டா என்பதையும் குறியுங்கள். ஒரே எண்ணில் திரும்பத் திரும்ப வந்தால் அதன் உதடுகள் (தோட்டாவைப் பிடித்து வைக்கும் மேல் விளிம்புகள்) விரிந்திருக்கும். கடைசி இரண்டு மூன்றில் வந்தால் மேகசின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். நிறைய அடைத்து முதல் தோட்டாவிலேயே வந்தால் ஒன்றைக் குறைத்துப் போட்டுப் பாருங்கள்.

அடுத்து பேரல். துப்பாக்கியைக் காலி செய்து பிரித்து, பேரலை மட்டும் முனை கீழாகப் பிடித்து, அந்தத் தோட்டாவை சேம்பரில் போடுங்கள். ‘டக்’கென்று இறங்கி, விரலால் சுற்றினால் சுழன்று, கவிழ்த்தால் தானாக விழ வேண்டும். ஒட்டிக்கொண்டால் குண்டின் தோள் ரைஃப்ளிங்கில் (பேரலின் உள்ளே இருக்கும் சுழல் வரிகள்) முட்டுகிறது, அல்லது சேம்பரில் கரி. இரும்புக் கேஸ் பித்தளை மாதிரி விரிந்து அடைக்காது. புகை பின்னால் வந்து சேம்பரில் படியும். அதைச் சுட்டபிறகு பித்தளைக்கு மாறினால் சிக்கும், பழி பித்தளை மேல் விழும்.

ஒரே தோட்டாவைத் தினமும் ஏற்றி இறக்குகிறீர்களா? மூக்கு ராம்பில் இடித்து இடித்துக் குண்டு கேஸுக்குள் இறங்கும். புதுத் தோட்டாவோடு நிறுத்தி ஒப்பிட்டுப் பாருங்கள். குட்டையாகியிருந்தால் சுடக்கூடாது, உள்ளழுத்தம் ஏறிவிடும்.

ராம்பு விஷயத்துக்கு வருகிறேன். அலுமினியச் சட்டத்தில் ராம்பு இருந்தால் மேலே இருப்பது மெல்லிய கடினப் பூச்சு. அதைத் தேய்த்தால் கீழே இருப்பது மிருதுவான உலோகம், குண்டு அதில் பள்ளம் போட்டுவிடும். பேரலிலேயே ராம்பு என்றால், கொஞ்சம் அதிகம் சுரண்டினாலும் கேஸின் அடிப்பகுதிக்குத் தாங்கல் போய், சுடும்போது அங்கே கேஸ் வெடித்துக் கிழியலாம். போன உலோகம் திரும்பி வராது. மேலே சொன்னது எதிலும் காரணம் பிடிபடாவிட்டால் மேகசின் எண், சிக்கிய நிலையின் படம், தோட்டாவின் எடை, நீளம் எல்லாவற்றோடும் ஆர்மரரிடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) கொடுங்கள். கேஸை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் அடியில் கரி இருக்கிறதா என்று அவர்தான் முதலில் பார்ப்பார்.