கண்வலிப்பூ – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

எனக்குச் சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். வேலை சென்னையில். ஐப்பசியில் ஊருக்குப் போயிருந்தபோது, சின்ன வயதில் வேலியெல்லாம் பூத்துக் கிடந்த செங்காந்தளைத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. மாநில மலரையே அரசு காப்பாற்றாதா? சங்கப் பாட்டில் வரும் காந்தள் இதுதானா? ஒரு கிழங்கு தோண்டி மாடித் தொட்டியில் வைக்கலாம் என்றிருக்கிறேன். எங்கே கிடைக்கும்?

சு.

அன்புள்ள தம்பி,

சங்கக் காந்தள் இதுதான். நம்மூரில் கண்வலிப்பூ என்போம். பெண்ணின் விரலுக்கு உவமை சொன்னார்கள். அரசைத் திட்டுவதை விடுங்கள். மாநில மலர் என்பது பாடப்புத்தகத்தில் படம் போட.

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் பக்கத்து விளைக்காரர் போன் செய்திருந்தார். வடக்கு வேலியை எடுத்துவிட்டுக் கம்பி போடலாம், பாதிச் செலவு உங்களுடையது என்றார்.

பூ அழிந்துவிட்டது என்கிறீர்கள். பூ எங்கே அழிந்தது? மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் போய்ப் பாருங்கள், தோட்டம் தோட்டமாகக் கம்பிப் பந்தலில் நிற்கிறது. அதன் விதையிலிருந்து கோல்ச்சிசின் எடுக்கிறார்கள், கீல்வாத மருந்துக்கு. விதை கப்பலேறுகிறது. அழிந்தது வேலி தம்பி, வேலி!

உடைமுள், கள்ளி, கற்றாழை, இடையிடையே பனை. உள்ளே ஏர் போகாது, ஆடு வாய் வைக்க முடியாது. கோடை முழுக்கக் கிழங்கு அங்கே தூங்கும். மழை விழுந்ததும் கொடி கிளம்பி, இலை நுனியையே சுருட்டி முள்ளைப் பிடித்து ஏறும். பூ பச்சையாய் விரியும், மஞ்சளாகும், நாலைந்து நாளில் தீயாய்ச் சிவக்கும். இதழெல்லாம் மேல்நோக்கி மடங்க, சூல்தண்டு மட்டும் அடியிலேயே திரும்பிப் பக்கவாட்டில் நீண்டிருக்கும், பஸ்ஸுக்குக் கைகாட்டுகிறவன் மாதிரி. "உத்துப் பாக்காதல, கண்ணு வலிக்கும்" என்பாள் ஆச்சி.

தெற்கு வேலியை எடுத்தது நான்தான். பாதைத் தகராறு. சர்வேயர் வந்து அளந்தார், கல்தூண் நட்டோம். ஜேசிபி அரை நாள் ஓடியது. புரட்டிய மண்ணில் கலப்பை மாதிரிக் கவைத்த கிழங்குகள், ஒடிந்த இடம் வெள்ளை வெளேரென்று. டிரைவர் பையன் ஒன்றை எடுத்து, "பனங்கிழங்கா அண்ணாச்சி?" என்றான். தின்றால் செத்துப்போவே என்று சொல்லிவிட்டு டீ வாங்கப் போனேன். அவ்வளவுதான் அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

சாயங்காலம் நாலைந்தைப் பொறுக்கிவந்து வீட்டு வாசலில் புதைத்தேன். ஒன்றும் முளைக்கவில்லை. அந்தக் கவையின் நுனிக்கு ஒரே ஒரு முளைக்கண்தான், அது ஒடிந்தால் தீர்ந்தது. இதையெல்லாம் பிறகு தெரிந்துகொண்டேன். நீங்கள் சென்னையிலிருந்து கடப்பாரையோடு வருகிறேன் என்கிறீர்கள். வெட்கமாக இல்லையா? பூ இல்லையே என்று அழுகிற அதே கடிதத்தில் மிச்சமிருப்பதைத் தோண்டவும் வழி கேட்கிறீர்கள்!

கோபித்துக்கொள்ள வேண்டாம். பக்கத்து விளைக்காரருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. கார்த்திகையில் ஒரு நடை வாருங்கள், வடக்கு வேலியைக் காட்டுகிறேன். வெறுங்கையோடு வாருங்கள்.