ரெக்கவரி போட்டால் படங்கள் திரும்ப வருமா?

கேள்வி: என் பழைய ஆண்ட்ராய்டு போன் லோகோவிலேயே நிற்கிறது. உள்ளே குடும்பப் படங்கள் இருக்கின்றன. என் மாடலுக்கு அதிகாரப்பூர்வ டிடபிள்யூஆர்பி (TWRP, கம்பெனி ரெக்கவரிக்குப் பதிலாகப் போடும் வெளி ரெக்கவரி) இல்லை. யாரோ ஒருவர் செய்த அன்அஃபிஷியல் ரெக்கவரி மட்டும் கிடைக்கிறது. அதைப் போட்டால் படங்களை எடுத்துவிடலாமா? போடுவது பாதுகாப்பானதா?

பூட்லோடரை (போன் ஆன் ஆனதும் முதலில் ஓடி, எதை எழுப்பலாம் என்று முடிவு செய்கிற நிரல்) நீங்கள் முன்பே அன்லாக் செய்திருக்கவில்லை என்றால், வராது. இருக்கிற படங்களும் போய்விடும். படங்கள் வெளியே வரும்வரை அந்தப் போனில் எந்த ரெக்கவரியையும் போடாதீர்கள்.

காரைக்குடியில் போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். "ரெக்கவரி போட்டா எல்லாம் ரெக்கவர் ஆயிரும்ல?" என்று கேட்டு வருகிறவர்கள் நிறைய. அந்தப் பெயர்தான் ஆளை ஏமாற்றுகிறது. அழிந்த படத்தை மீட்கிற சாமான் இல்லை அது.

எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்துப் பெரிய வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. முகப்பு ஒரு தெருவில் இருக்கும்; வளவு (நடு முற்றம்), இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நீண்டு போய்ப் பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். ஆண்ட்ராய்டு முகப்பு என்றால் ரெக்கவரி பின்வாசல். ஆண்ட்ராய்டு எழாவிட்டாலும் தனியாக எழுகிற ஒரு குட்டி இயங்குதளம். அப்டேட் போட, ஃபேக்டரி ரீசெட் செய்ய என்று கம்பெனி வைத்த வழி அது. அதில் இரண்டு மூன்று வேலைக்கு மேல் நடக்காது. 2011இல் வந்த டிடபிள்யூஆர்பி அந்த வாசலைப் பெரிதாக்கியது: போனின் மெமரியைப் பிரித்து வைத்திருக்கும் பார்ட்டிஷன் ஒவ்வொன்றையும் பேக்கப் எடுக்கலாம், வேறு ரோம் (மாற்று ஆண்ட்ராய்டு) போடலாம், கோப்புகளைக் கணினிக்கு நகல் எடுக்கலாம்.

ஆனால் வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் (மணமான தம்பதிக்கும்) ஓர் அறை, அதற்குத் தனிப் பூட்டு இருக்கும் அல்லவா? போனிலும் அப்படித்தான். ஆண்ட்ராய்டு 10உடன் விற்பனைக்கு வந்த போன்கள் எல்லாவற்றிலும் உங்கள் கோப்புகள் என்கிரிப்ட் ஆகித்தான், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டித்தான் இருக்கும். அதற்கு முந்தைய பல போன்களிலும் அப்படியே. சாவி பிராசஸருக்குள் இருக்கும் பாதுகாப்புப் பகுதியோடும் உங்கள் பின், பேட்டர்னோடும் பிணைந்திருக்கிறது. மெமரி சிப்பைக் கழற்றி வேறு போர்டில் வைத்தாலும் திறக்காது.

இன்னொன்று. கம்பெனி வைத்த பின்வாசலைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்ட வேண்டுமானால் முதலில் பூட்லோடரை அன்லாக் செய்ய வேண்டும். அன்லாக் செய்த அந்த நிமிடமே போன் உள்ளே உள்ள எல்லாவற்றையும் அழிக்கும். வேண்டுமென்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள்: இல்லாவிட்டால் உங்கள் போனைத் திருடியவன் ஒரு ரெக்கவரியைப் போட்டு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போவான். அழிக்கும்போது என்கிரிப்ஷன் சாவியும் சேர்ந்து போகிறது. அதற்குப் பிறகு "டெலீட் ஆனதை மீட்டுத் தருகிறோம்" என்கிற எந்த மென்பொருளாலும் ஒன்றும் ஆகாது.

இதை நான் படித்துக் கற்கவில்லை. 2019இல் பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி போன் கொண்டுவந்தார். பத்து முறை போட்டால் ஒரு முறை முழுதாகத் திறக்கும், இரண்டு நிமிடம் நிற்கும், அணைந்துவிடும். அவர்கள் வீட்டுப் படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) பங்காளிகள் எல்லாரும் கூடியபோது எடுத்த படங்கள் அதில் இருந்தன. பல வருடம் பூட்டிக் கிடந்த பெரிய வீட்டை அதற்காகத் திறந்திருக்கிறார்கள். அடுத்த வருடம் வீடு கைமாறி, பர்மா தேக்குத் தூண்களையும் நிலைகளையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் வீட்டு ஐயா அந்த வளவில் உட்கார்ந்து எடுத்த கடைசிப் படமும் அந்தப் போனில்தான்.

அந்த மாடலுக்கு ஓர் அன்அஃபிஷியல் ரெக்கவரி இருப்பதைத் தேடிக் கண்டுபிடித்தேன். போன் திறந்து நின்ற இரண்டு நிமிடத்தில் கேபிளைச் செருகிப் படங்களை நகல் எடுத்திருக்க வேண்டும். நான் டெவலப்பர் ஆப்ஷன்ஸுக்குப் போய் பூட்லோடரைத் திறக்க அனுமதிக்கிற ஓஇஎம் அன்லாக்கிங்கை ஆன் செய்தேன். அன்லாக் திரையில் எல்லா தரவும் அழியும் என்று எழுதியிருந்தது. படித்தேன். ரெக்கவரி இருக்கிறதே, பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்து அழுத்தினேன். ரெக்கவரி ஒரு குறையும் இல்லாமல் எழுந்தது. உள்ளே ஒரு படம்கூட இல்லை. ரீசெட் ஆனதால் போனும் புதுசு போல ஓட ஆரம்பித்தது. ஆச்சி வாங்கிப் பார்த்துவிட்டு, "போன் நல்லா ஓடுது, படம் எங்க இருக்கு தம்பி?" என்று கேட்டார். எனக்கு வாயைத் திறக்க முடியவில்லை. கூலி வேண்டாம் என்றேன். அவர் பேசிய 300 ரூபாயை மேசையில் வைத்துவிட்டுப் போனார். பிறகு அவருடைய பேத்தியோடு சேர்ந்து கோயம்புத்தூர், மலேசியா என்று ஒவ்வொரு பங்காளி வீட்டுக்கும் கேட்டு, வாட்ஸ்அப்பில் முன்பு அனுப்பியிருந்த படங்களாக 41 தேறின. எல்லாம் சுருங்கிய அளவு. வாசல் நிலையில் இருந்த மர வேலைப்பாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தால் கலங்கித் தெரியும்.

உங்கள் போனுக்கு வருகிறேன். முதலில் வேறு போனிலோ கணினியிலோ கூகுள் போட்டோஸைத் திறந்து பாருங்கள். பேக்கப் ஓடிக்கொண்டிருந்தது பலருக்குத் தெரியாமலே இருக்கும். மெமரி கார்டு இருந்தால் கழற்றிப் பாருங்கள். பிறகு கடையில் பவர் பட்டன் ஸ்ட்ரிப்பையும் பேட்டரியையும் பார்க்கச் சொல்லுங்கள். பட்டன் அமுங்கியே நின்றாலும் போன் லோகோ வரை வந்து வந்து அணையும். அதற்கு சாஃப்ட்வேர் வேலையே தேவையில்லை.

அதுவும் இல்லையென்றால், கம்பெனியின் சாஃப்ட்வேரையே தரவு அழியாமல் மேலே போடும் வழி உண்டா என்று பாருங்கள். சாம்சங்கில் ஓடின் என்ற கணினி மென்பொருள் வழியாகப் போடும்போது ஹோம் சிஎஸ்சி கோப்பைத் தேர்ந்தால் உங்கள் கோப்புகள் நிற்கும், வெறும் சிஎஸ்சியைத் தேர்ந்தால் அழியும். "ஹோம்" என்ற இந்த ஒரு சொல்லைக் கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பிக்சலில் கம்பெனியின் சொந்த ரெக்கவரி வழியாகவே முழு ஓடிஏ (அப்டேட்) கோப்பைக் கணினியிலிருந்து கேபிள் வழியாக ஏற்றலாம், இதைத்தான் சைட்லோட் என்பார்கள். பூட்லோடர் லாக்கில் இருந்தாலும் நடக்கும், தரவும் அழியாது. ரெக்கவரித் திரையில் வைப் கேச் இருந்தால் அழுத்தலாம். வைப் டேட்டா பக்கம் விரல் போகக் கூடாது.

நீங்கள் முன்பே பூட்லோடரை அன்லாக் செய்து வைத்திருந்தால் நிலைமை வேறு. அப்போது அன்அஃபிஷியல் ரெக்கவரியிலும் வாய்ப்பு இருக்கிறது, அது உங்கள் போனின் என்கிரிப்ஷனைத் திறக்கத் தெரிந்ததாக இருந்தால். செய்தவர் "டிக்ரிப்ஷன் வேலை செய்கிறது" என்று, எந்த ஆண்ட்ராய்டு பதிப்பில் என்பதோடு எழுதியிருக்கிறாரா பாருங்கள். இல்லையென்றால் ரெக்கவரி எழும், பின் கேட்கும் அல்லது கேட்காது, இன்டர்னல் ஸ்டோரேஜ் 0 எம்பி என்று காட்டும். படங்கள் இன்னும் உள்ளேதான் இருக்கின்றன, அதற்குத் திறக்கத் தெரியவில்லை. பயந்துபோய் ஃபார்மட் டேட்டாவை அழுத்தினால்தான் உண்மையில் போகும்.

அன்அஃபிஷியல் என்பதாலேயே கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். டிடபிள்யூஆர்பியின் மூல நிரல் எல்லாருக்கும் பொது. அந்த மாடலை வைத்திருக்கும் ஒருவர் தன் போனுக்கான டிவைஸ் ட்ரீயை (அந்த மாடலுக்கே உரிய அமைப்புக் கோப்புகளை) சேர்த்து கம்பைல் செய்து தருகிறார். சம்பளமில்லாமல் இரவெல்லாம் உட்கார்ந்து செய்கிறவர்கள் அவர்கள், எனக்கு அவர்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் ரெக்கவரி போனில் எதையும் எழுதவும் அழிக்கவும் கூடியது. டிவைஸ் ட்ரீயை வெளியே வைக்காமல் இமேஜ் கோப்பை மட்டும் தருகிறவருடையதை நான் தொடுவதில்லை.

எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய ஆபத்து போன் எந்தப் போன் என்பதே. சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய போன்கள் இங்கே அதிகம். ரெட்மி நோட் 4 என்ற ஒரே பெயரில் ஸ்னாப்டிராகன் பிராசஸர் போட்டது ஒன்று, மீடியாடெக் போட்டது ஒன்று. முன்னதன் குறிப்பெயர் மிடோ, பின்னதன் குறிப்பெயர் நிகெல். ஒன்றின் ரெக்கவரி மற்றொன்றில் ஓடாது. கேலக்ஸி எஸ்7 இங்கே எக்ஸினோஸ் பிராசஸரோடு விற்றது. அமெரிக்காவில் விற்றது ஸ்னாப்டிராகன், அதன் பூட்லோடரைத் திறக்க கம்பெனி வழியே வைக்கவில்லை. பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்து இறக்காதீர்கள், மாடல் எண்ணையும் குறிப்பெயரையும் பாருங்கள்.

ரெக்கவரி பொருந்துகிறது என்று உறுதியானாலும் உடனே பிளாஷ் செய்ய (போனில் நிரந்தரமாக எழுத) வேண்டாம். கணினியிலிருந்து ஃபாஸ்ட்பூட் பூட் கட்டளையால் அந்த இமேஜைத் தற்காலிகமாக மட்டும் எழுப்பிப் பாருங்கள்; பல போன்கள் ஏற்கும், சில ஏற்காது. டச் வேலை செய்கிறதா, ஸ்டோரேஜ் திறக்கிறதா என்று தெரிந்துவிடும். பிடிக்காவிட்டால் ரீபூட் செய்தால் பழையபடி இருக்கும். ஏ/பி பார்ட்டிஷன் (சிஸ்டம் இரண்டு பிரதிகளாக இருக்கும் அமைப்பு) உள்ள பல போன்களில் ரெக்கவரிக்குத் தனி இடமே கிடையாது, ஆண்ட்ராய்டை எழுப்பும் பூட் இமேஜுக்குள் இருக்கும். அங்கே தப்பான கோப்பை எழுதினால் ஆண்ட்ராய்டும் எழாது. உங்கள் பதிப்பின் அசல் பூட் இமேஜ் கையில் இல்லாமல் தொடங்கவே கூடாது. ரெக்கவரி திறந்ததும் படங்களை எடுங்கள், அடுத்து இஎஃப்எஸ் பார்ட்டிஷனை பேக்கப் எடுத்துக் கணினியில் வையுங்கள். அது கெட்டால் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ போய் சிக்னலே வராது.

சாம்சங் என்றால் ஒன்று கூடுதல்: வெளி ரெக்கவரி ஒரு முறை ஏறினாலே நாக்ஸ் என்ற பாதுகாப்பு ஏற்பாட்டின் ஃபியூஸ் எரிந்துவிடும். அசல் சாஃப்ட்வேரைத் திரும்பப் போட்டாலும் அது மாறாது, கோப்புகளைப் பூட்டி வைக்கும் செக்யூர் ஃபோல்டர் அந்தப் போனில் இனி இல்லை. பூட்லோடர் திறந்திருந்தால் வங்கி ஆப்கள் சில மறுக்கும்.

போனின் முழு மாடல் எண், எந்த நாட்டில் வாங்கியது, பூட்லோடர் லாக்கில் இருக்கிறதா என்ற மூன்றையும் கருத்தில் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதற்குள் போன் தற்செயலாக ஒரு முறை முழுதாகத் திறந்துவிட்டால் வேறெந்த செட்டிங்கையும் தொடாமல் கேபிளைச் செருகி கேமரா படங்கள் இருக்கும் டிசிஐஎம் (DCIM) ஃபோல்டரை முதலில் கணினிக்கு இழுங்கள்.